புலால் மறுத்தார் இல்லத்தில் நிலக்கடலை

(வால்பாறையில் நம் சங்கத்தின் கிளைக் கூட்டத்தில், வைகாசித் திங்களில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சங்கத்தார் எம்மைப் பேசப் பணித்த போதெல்லாம் யாம் திருக்குறளைப் பற்றியோ, நம் குலத்துப் பெரியோர் செய்த அறங்களைப் பற்றியோ பேசி வந்தோம். இம்முறை நிலக்கடலையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று செயலாளர் அவர்களிடம் கூறியபோது, அவர் புன்முறுவல் பூத்து, "பண்டிதரே, பசியோடு வந்துவிட்டீரோ?" என்று வினவினார். இது பசியைப் பற்றிய பேச்சுத்தான். ஆதலின் அவர் வினா பொருத்தமானதே.

இப்பொருளை எமக்குத் தந்தவர் நம் சங்கத்துத் தாய் ஒருவர். சென்ற திங்கள் அவர் ஒரு கண்ணாடிச் சீசாவைக் கையிற்கொண்டு எம் இல்லத்திற்கு வந்தார். "ஐயா, என் மகன் பள்ளியிலிருந்து வந்தவுடன் சோர்ந்து படுத்து விடுகிறான். நம் வீட்டில் முட்டையும் புலாலும் புழங்குவதில்லை. பாலும் அவனுக்கு ஒவ்வவில்லை. பீநட் பட்டர் என்று இதனைப் பொள்ளாச்சியிலிருந்து வாங்கி வந்தேன். இது நமக்கு ஆகுமா? விலையோ மிகுதி. இதனை நாமே செய்துகொள்ள இயலாதா?" என்று கேட்டார். ஒரே மூச்சில் மூன்று வினாக்கள். அவற்றுக்கு விடை காணப் புகுந்தபோது நான்காவது வினா ஒன்று எம் நெஞ்சில் எழுந்தது. அது எம் பிழையைத் தொட்டது. அதனையும் இன்று மறையாது கூறுவோம்.

முதலில் பெயரை ஆராய்வோம். பண்டிதன் வேறெங்கே தொடங்குவான்! கடலை என்ற தனிச்சொல் முற்காலத்தில் கொண்டைக்கடலைக்கே உரியது. பின்னர் வந்த இப்பொருளை, நிலத்துக்குள் விளைவதால் நிலக்கடலை என்றும், வேரோடு பிடுங்குவதால் வேர்க்கடலை என்றும் நம்மவர் வழங்கினர். தென்னார்க்காட்டுப் பக்கத்தார் மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்பர். அது மணிலாக்கொட்டை என்பதன் திரிபு. பிலிப்பைன் தீவுகளின் தலைநகர்ப் பெயர் நம் உழவர் நாவில் அவ்வாறு உருண்டு நிற்கிறது. நம் கொங்கு நாட்டில் கடலைக்காய் என்றால் போதும். வேறொன்றையும் எவரும் நினையார்.

இவற்றுள் வேர்க்கடலை என்னும் பெயர் உண்மைக்கு மாறானது. இக்காய் வேரில் காய்ப்பதன்று. செடியின் மஞ்சட் பூ மண்ணுக்கு மேலே மலர்கிறது. கருவுற்ற பின் அப்பூவினடியிலிருந்து ஊசி போன்றதோர் உறுப்பு நீண்டு, தலைகவிழ்ந்து, மண்ணைத் துளைத்துட் புகுகிறது. அதன் நுனியே இருளில் பருத்துக் காயாகிறது. உழவர் இதனை விழுது இறங்குதல் என்பர். ஒளியில் பூத்து இருளில் காய்க்கும் செடிகள் மிகச் சிலவே. மேலும் இது பெயரளவிற் கொட்டையேயன்றி, உண்மையில் அவரை, துவரை, பயறு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த பருப்பு வகையாகும். இதனை நினைவிற் கொள்க. பின்னர் இது நமக்கு உதவும்.

"இஃது அயல்நாட்டுப் பொருள், நம் முன்னோர் உண்ணாதது" என்று நம்முள் சில முதியோர் தயங்குவதுண்டு. நிலக்கடலையின் தாயகம் தென்னமெரிக்கா என்பது உண்மையே. கடல்வழி கண்ட மேனாட்டார் அதனைப் பிற கண்டங்களுக்குக் கொண்டு சென்றனர். சங்க நூல்களில் எத்துணை தேடினும் இப்பயிரை எம்மால் காட்ட இயலாது. ஆனால் மிளகாயையும் காட்ட இயலாது. உருளைக்கிழங்கு, தக்காளி, கொய்யா ஆகியனவும் அக்கண்டத்திலிருந்து வந்தனவே. மிளகாயின்றி நேற்றுக் குழம்பு வைத்தவர் இவ்வவையில் எவரேனும் உளரோ? வந்தவற்றுள் நல்லனவற்றை ஏற்று நம்மனவாக்கிக் கொள்ளுதல் நம் நாட்டார் இயல்பு.

நம் குலத்தாருக்கோ இதில் தனியுரிமையும் உண்டு. நம் முன்னோர் ஊர்தோறும் செக்காட்டி எண்ணெய் வடித்து வாழ்ந்தவர். எள்ளும் ஆமணக்கும் இலுப்பையும் ஆட்டிய செக்கில் பிற்காலத்தில் கடலையும் வந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் நாட்டுக் கடலை புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறிப் பிரெஞ்சு நாட்டு மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார் 1940-ஆம் ஆண்டில் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் கடலை இனம் இந்தியாவின் பல மாநிலங்களில் நெடுங்காலம் பயிராயிற்று. நம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோ என்னும் எழுத்திட்டுப் பல இனங்களைத் தந்துள்ளது. அயலார் என்று வாயிலில் நிறுத்தப்பட வேண்டிய விருந்தன்று இது. நம் வீட்டு முற்றத்தில் வளர்ந்த பிள்ளை.

ஆயினும் அப்பிள்ளையை நாம் மதித்தோமா? செக்கிலிட்டுப் பிழிந்து, எண்ணெயை நாம் கொண்டு, பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தோம். வறுத்த கடலையைத் திருவிழாவில் கொறிக்கும் பண்டம் என்றும், ஏழை உணவு என்றும் ஒதுக்கினோம். விருந்தினர் வந்தால் முந்திரி வைத்தோமேயன்றிக் கடலை வைத்தோமில்லை. இப்போது அதே கடலை, சீசாவில் அடைபட்டு ஆங்கிலப் பெயர் பூண்டு வந்தவுடன் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம். பெயர் மாறின் பெருமையும் மாறுமோ?

இனி, இதிலுள்ள சத்தைக் காண்போம். உலர்ந்த கடலைப் பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 முதல் 26 கிராம் வரை புரதம் உண்டு. அதாவது எடையில் நாலில் ஒரு பங்கு. கொழுப்பு 40 முதல் 49 கிராம். அக்கொழுப்பிற் பெரும்பகுதி நெய்யைப் போல உறையாத, இதயத்துக்குத் தீங்கு குறைந்த வகையைச் சேர்ந்தது. நார்ச்சத்தும், நியாசின், ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்துகளும், மக்னீசியமும் இதில் மிகுதி. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், உண்டால் ஏறக்குறைய 7 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு குவளைப் பாலிலும் ஒரு முட்டையிலும் உள்ள அளவுக்கு இது குறைந்ததன்று.

55 கிலோ எடையுள்ள பெண்மணிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. காலையில் காப்பியும் இட்டிலியும், நண்பகலில் சோறும் நீர்த்த சாற்றும், இரவில் எஞ்சியதும் என்று உண்ணும் நம் தாய்மார் அவ்வளவை எட்டுகின்றனரா என்று அவரவரே எண்ணிப் பார்க்க. புலால் மறுத்தல் பெரிய அறம்; அதில் ஐயமில்லை. ஆனால் புலாலை விலக்கிய இலையில் அதற்கீடானதை வைத்தல் நம் கடமையன்றோ? விலக்கியதை மட்டும் பெருமையாகச் சொல்லி, வைத்ததைப் பாராமல் விட்டால், அவ்வறத்தின் விலையை நம் பிள்ளைகளின் உடல் கொடுக்க நேரும்.

ஆனால் கடலை ஒன்றே போதுமென்று யாம் கூறவில்லை. புரதம் பல அமினோ அமிலங்கள் கூடியது. அவற்றுள் லைசின் என்பது கடலையில் குறைவு, அரிசியிலும் குறைவு. துவரை, பாசிப்பயறு, கொள்ளு, உளுந்து ஆகியவற்றில் அது மிகுதி. ஆதலின் சோறும் பருப்பும் கடலையும் ஒரே நாளில் இலையேறினால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். நம் கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும் சோறு, அதன்மேல் ஒரு பிடி வறுத்த கடலைப் பொடி. இதனினும் எளிய நிறைவுணவு ஏது? இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும். பி 12 என்னும் உயிர்ச்சத்து கடலையில் சிறிதும் இல்லை. பாலும் தயிரும் மோரும் அதனைத் தரும். பால் ஒவ்வாதவர் மருத்துவரைக் கேட்டு அதற்கு வேறு வழி காணல் வேண்டும்.

அளவுக்கும் துணையுணவுக்கும் சான்றாகப் பெரியார் ஒருவர் வாழ்விலிருந்தே ஒன்று கூறுவோம். 1918-ஆம் ஆண்டில் குசராத்து நாட்டுக் கேடா மாவட்டத்தில் ஊரூராய் நடந்து பணிபுரிந்த காந்தியடிகள், பசுவின் பாலையும் எருமைப் பாலையும் உண்பதில்லை என்ற விரதத்தோடிருந்தார். அந்நாளில் அவர்க்குப் பெரும்பாலும் உணவாயிருந்தவை கடலை வெண்ணெயும் எலுமிச்சம் பழமுமே. அளவு மீறினால் தீங்கு என்று அறிந்திருந்தும் அதனை மிகுதியாக உண்டதாகவும், அதனால் சிறு வயிற்றுக்கடுப்பு வந்ததாகவும் தம் சத்திய சோதனையில் அவரே ஒளியாது எழுதியுள்ளார். பின்னர் ஒரு திருநாளில் இனிப்புக் கஞ்சியும் உண்ண, நோய் முற்றி உயிருக்கே இடர் வந்தது. பால் உண்ணுமாறு மருத்துவர் வற்புறுத்தினர், விரதம் தடுத்தது. ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று கஸ்தூரிபாய் அம்மையார் எடுத்துக் காட்ட, அதனை உண்டு உடல் தேறினார். அத்துணைப் பெரியாரையும் கடலை தாங்கியது. ஆனால் அளவு மீறியபோது வருத்தியது. நாளுக்கு ஒரு கைப்பிடி என்பதை இதனாற் பெறப்படும் பாடமாகக் கொள்க.

இனி, அச்சீசாவிற்கு வருவோம். கடலை வெண்ணெய் என்பது இறைச்சி உண்பார் கண்ட பொருளென்று நினைப்பீர்; அன்று. 1884-இல் கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரத்து எட்சன் என்பார் வறுத்த கடலையை அரைத்த விழுதுக்குக் காப்புரிமை பெற்றார். 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் நகரில் நல்வாழ்வு இல்லம் நடத்திய மருத்துவர் கெல்லாக் என்பார் தம் முறைக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அவர் புலால் மறுத்தவர். இறைச்சியை விட்ட நோயாளிகட்கும் மெல்ல இயலாதார்க்கும் புரதம் தருதற்பொருட்டே அவர் கடலையை அரைத்து ஊட்டினார். ஆகவே அந்தத் தாயின் முதல் வினாவுக்கு விடை இதுவே: இஃது ஆகும்; நம்மனோர்க்கென்றே பரப்பப்பெற்ற பொருள் என்றாலும் தவறில்லை.

அடிமைக் குடியிற் பிறந்து பேரறிஞராக உயர்ந்த கார்வர் என்பாரையும் இங்கே நினைத்தல் தகும். அவரே கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவரென்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர், அது பிழை. அவர் செய்தது அதனினும் பெரிது. பருத்தி விளைத்து விளைத்து உரமிழந்த அலபாமா மாநிலத்து மண்ணில், காற்றிலுள்ள நைட்ரசனை வேர்முடிச்சுகளால் மண்ணிற் சேர்க்கும் கடலையை விதைக்குமாறு ஏழை உழவரை அவர் ஏவினார். விளைந்ததை வீட்டில் உண்ணக் கற்பிக்க, 1916-இல் 105 வகைப் பக்குவங்களை எழுதி வெளியிட்டார். பயிரிடக் கற்பித்தலோடு நில்லாது உண்ணவும் கற்பித்தார். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு அவர் வழி மிக உவப்பானது.

வெண்ணெய் என்று சொல்லலாமா என்று இலக்கணம் அறிந்தார் வினவலாம். பாலிற் பிறவாதது எங்ஙனம் வெண்ணெயாகும்? ஆனால் எண்ணெய் என்பதே எள் நெய் என்று பிரியும். எள்ளே இல்லாத கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எனச் சொல்லி வருகிறோமன்றோ? எமக்கோ கடலை விழுது என்பதே இனிக்கிறது. விழுது என்பது அரைத்துத் திரண்டதையும் குறிக்கும், வெண்ணெயையும் குறிக்கும். மண்ணில் விழுதாய் இறங்கியது அம்மியில் விழுதாய் எழுகிறது.

கடையில் விற்கும் சீசாக்கள் எல்லாம் தீயன என்று யாம் கூறோம். ஆனால் அவற்றின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்தறிதல் வேண்டும். அரைத்த கடலையில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்பது இயல்பு. அவ்வாறு பிரியாதிருக்க, உறையவைத்த எண்ணெயைச் சேர்க்கும் முறையை 1920-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரோசுபீல்டு என்னும் அமெரிக்கர் புகுத்தினார். அன்று முதல் பல சீசாக்களில் கடலையோடு சர்க்கரையும் வேறு கொழுப்பும் உப்பும் புகுந்தன. சீட்டில் கடலை ஒன்றே எழுதப்பட்டிருப்பின் நன்று. சர்க்கரையும் பனையெண்ணெயும் வரிசையில் முன்னே நின்றால், நாம் கடலைக்கு விலை கொடுத்து வேறெதையோ வாங்குகிறோம் என்று அறிக.

மூன்றாம் வினா, நாமே செய்துகொள்ள இயலாதா என்பது. இயலும், அரை மணி நேர வேலை. பருப்பை முறத்திலிட்டுச் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பட்டது ஆகியவற்றை ஒன்று விடாது பொறுக்கி எறிக. இரும்பு வாணலியில் இளந்தீயில், தோல் எளிதிற் கழன்று உள்ளே பொன்னிறம் காணுமளவும் வறுக்க. ஆறியபின் தேய்த்துத் தோலைப் புடைத்து நீக்குக. பின்னர் மிக்ஸியிலோ ஆட்டுக்கல்லிலோ இடுக. முதலில் பொடியாகும், பின் கட்டியாய் ஒட்டும். அவ்விடத்தில் பலர் பொறுமையிழந்து நீர் வார்த்து விடுவர். அதுவே கெடுக்கும் வழி. இடையிடையே நிறுத்தி, சூடேறாமல் பார்த்து, மீண்டும் அரைத்தால் கடலை தன் எண்ணெயைத் தானே விட்டு இளகும். நம் முன்னோர் செக்கில் கண்ட உண்மை அது. ஒரு சிட்டிகை உப்பு போதும். வெல்லத்தில் ஈரம் உண்டாதலின் அதனை உண்ணும்போது மட்டும் சேர்க்க.

இதனை ரொட்டியில் தடவித்தான் உண்ண வேண்டுமென்ற விதியில்லை. கம்பந்தோசையிலும் ராகிக்களியிலும் சந்தகையிலும் கூட்டி உண்ணலாம். புளியும் மிளகாயும் சேர்த்துக் கரைத்தால் சட்டினி. மோரிற் கரைத்தால் குழம்புக்குத் திண்மை. இனிப்பு வேண்டுவார்க்குக் கடலை மிட்டாய் உளது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றமை நீவிர் அறிந்ததே.

இதுகாறும் கூறியன எவ்வூரார்க்கும் பொருந்தும். இனிக் கூறுவது வால்பாறையில் வாழும் நமக்கே உரியது. எம் பிழையும் இங்கேதான் உளது.

நாம் வாழ்வது ஆனைமலைத் தொடரின் மேல், ஆழியாற்றிலிருந்து 40 கொண்டையூசி வளைவுகள் ஏறி வந்த ஊரில். தமிழ் நாட்டில் மழை மிகுந்து பெய்யும் இடங்களுள் நம் சின்னக்கல்லாறு முன்னிற்பது. தேயிலைக்கு அம்மழை வாழ்வு. கடலைக்கோ அது பகை. கடலை சமவெளியில் வெயிலிற் காய்ந்து, மூட்டையில் மலையேறி வருகிறது. ஆனியில் தொடங்கும் மழையில் சுவரும் துணியும் ஈரிக்கும் நம் வீடுகளில் அது வைக்கப்படுகிறது.

சென்ற ஆண்டு, நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகட்கு மாலையில் கடலை உருண்டை தருவதென்று சங்கத்தார் முடிவு செய்து, பொருள் ஒதுக்கி, வாங்கும் பொறுப்பை எம்மிடம் விட்டனர். யாம் மலிவு கருதி, உரித்த பருப்பாக ஒரு மூட்டை வாங்கினோம். கூடத்தின் மூலையில், சிமிட்டித் தரைமேலேயே அதனை வைத்தோம். மழை விடாது பெய்தது. மூன்று கிழமை கழித்து மூட்டையைப் பிரித்தபோது மக்கிய நாற்றம் வந்தது. சில பருப்புகளின் மேல் மஞ்சளும் பச்சையுமாய்ப் பொடி படர்ந்திருந்தது.

எம் மனம் அப்போது என்ன சொல்லிற்று தெரியுமா? கழுவி, நன்றாய் வறுத்து, வெல்லப் பாகில் இட்டால் நாற்றம் போய்விடும் என்று சொல்லிற்று. சங்கத்தின் பொருளை வீணாக்கினோம் என்ற பழிக்கு அஞ்சினோம். கற்ற கல்வி அவ்வேளையில் துணை நிற்கவில்லை. சமையற் பொறுப்பிலிருந்த மூதாட்டியார் ஒருவரே எம்மைத் தடுத்தார். அவர் ஒரு பருப்பை வாயிலிட்டு, உடனே துப்பிவிட்டு, "தம்பி, கசந்த கடலையைத் துப்போணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க. மூட்டையே கசந்தா மூட்டையத்தான் துப்போணும்" என்றார். அவ்வாறாயின் மாட்டுக்கேனும் இடலாமே என்றோம். "மாட்டுக்குப் போட்டா, பாலா வந்து நம்ம புள்ளைக வவுத்துலதான விழுகும்?" என்றார். யாம் வாயடைத்து நின்றோம்.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது அம்மூதாட்டியார் கூறிய இரண்டும் அறிவியல் உண்மைகள் என்று கண்டு வெட்கினோம். 1960-இல் இங்கிலாந்தில் ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மாண்டன. காரணம் ஆராய்ந்தபோது, அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பற்றியிருந்ததும், அப்பூசணம் நஞ்சு ஒன்றைச் சுரந்திருந்ததும் தெரிந்தன. அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். 1974-இல் நம் நாட்டிலேயே, குசராத்திலும் இராசத்தானத்திலும் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட பழங்குடி மக்கள் நூற்றுவருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தனர். அதுவும் இந்நஞ்சின் வேலையே. சிறிது சிறிதாய் நெடுநாள் உட்சென்றால் ஈரலில் புற்றுநோயை விளைக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றும் அழியாது. கறவைப் பசு உண்டால், அதன் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வரும்.

அம்மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தோம். ஆண்டுக் கணக்கில் பழுதான சரக்கு என்று ஒரு வரி எழுதி, அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டோம். அப்பழுது எவரால் வந்தது என்று இன்று இவ்வவையில் கூறுகிறோம்: எம்மால் வந்தது. அந்நட்டத்தை யாமே செலுத்திவிட்டோம். ஆனால் பணம் செலுத்தியதால் பாடம் முடிந்துவிடாது. அன்று மூதாட்டியார் அங்கில்லையேல் நும் பிள்ளைகள் அதனை உண்டிருப்பர். எம் பிள்ளையும் உண்டிருக்கும். அந்நினைவே இச்சொற்பொழிவைச் செய்யத் தூண்டியது.

ஆதலின் நம் மலையூர் இல்லங்கட்கு உரிய முறைகளைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, பருப்பாக வாங்காது காயாக வாங்குக. ஓடு கடலைக்கு இயற்கை தந்த கவசம். காதருகே வைத்துக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும், ஒலியாதது காயாதது. இரண்டாவது, மார்கழிப் பட்டத்துக் கடலை சித்திரையில் சமவெளியிற் பிடுங்கப்படும். வெயில் உள்ளபோதே வாங்கிக் காயவைத்து, இறுக மூடும் தகரத்திலோ கலத்திலோ இடுக. தரையிலும் சுவரிலும் படாது பலகைமேல் வைக்க. மூன்றாவது, மழைத் திங்கள்களில் ஒரு கிழமைக்கு வேண்டிய அளவே உரித்து வறுத்து அரைக்க. ஈரக்கரண்டி விழுதிற் படலாகாது. நான்காவது, கசந்ததையும் மக்கியதையும் நிறம் மாறியதையும் மனிதருக்கும் இடாதீர், மாட்டுக்கும் இடாதீர், செக்குக்கும் அனுப்பாதீர். செக்காட்டிய குலத்தார் நாம். பழுதான கடலையைப் பிழிந்து விற்றல் நமக்கு அறமன்று.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் முழுக் கடலையைத் தராதீர், மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். நன்றாய் அரைத்து, நீர்க்கக் கரைத்துக் கஞ்சியிற் கலந்து தரலாம். சிலர்க்குக் கடலை ஒவ்வாமை உண்டு. உண்டவுடன் உதடு வீங்கல், தடிப்பு எழுதல், மூச்சுத் திணறல் காணின் கைவைத்தியம் பார்த்திராது உடனே மருத்துவமனைக்குச் செல்க. மலைவழியில் ஒவ்வொரு நிமிடமும் அரியது.

கடலை பித்தம் என்று முதியோர் கூறுவதையும் யாம் எள்ளோம். மிகுதியாக உண்டார்க்கும், எண்ணெயில் பொரித்து உண்டார்க்கும், செரிமானம் குன்றினார்க்கும் அது மந்தம் செய்யும். அளவோடு, வறுத்தோ அவித்தோ உண்டார்க்கு அவ்வச்சம் வேண்டா.

முடிவாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் சித்திரை இறுதியில், நம் கிளையைச் சேர்ந்த குடும்பங்கட்கு வேண்டிய கடலைக்காயை ஒருசேரச் சமவெளியிற் பார்த்து வாங்கி, அங்கேயே நன்கு காயவைத்து, மழைக்கு முன் மலையேற்றி, வாங்கிய விலைக்கே பகிர்ந்தளிக்க வேண்டுகிறோம். தனியொருவர் ஏமாறும் இடத்தில் பலர் கூடின் ஏமாறார். பிள்ளைகட்குக் கடலை உருண்டை தருவதையும் நிறுத்தாது மீண்டும் தொடங்க வேண்டுகிறோம். வாங்கும் பொறுப்பை எம்மிடம் தரவேண்டா; அம்மூதாட்டியாரிடம் தருக. சுமக்கும் வேலையை யாம் செய்வோம்.

சீசாவோடு வந்த தாய்க்கு ஒரு சொல். அம்மையீர், நும் மகனுக்குச் சோர்வு நீடிப்பின் முதலில் மருத்துவரிடம் காட்டுக; எல்லாச் சோர்வும் உணவால் வந்ததென்று கொள்ளலாகாது. உணவால் வந்ததாயின், பருப்பும் கீரையும் ஒரு பிடி கடலையும், கீரையிலுள்ள இரும்பு உடலில் ஏற ஒரு துளி எலுமிச்சையும் அவன் இலையில் நாள்தோறும் இருக்கட்டும். அச்சீசா தீர்ந்தபின் எறிந்துவிடாதீர். கழுவி, வெயிலில் உலர்த்தி, நும் கையால் அரைத்த விழுதை அதில் நிரப்புக.

நம் சங்கம் வாழ்க! நம் பிள்ளைகள் உடலும் அறிவும் ஒருங்கே வளர்க!